போய்க் கேட்கக்கூடிய ஆள்

2020 மார்ச் கடைசி. இலங்கையெங்கும் ஊரடங்கு, தேயிலைக்கு விலக்கு. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு, பிறகு மலை, மாலையில் மடுவத்தில் நிறுவை என்று தோட்டம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. உலகத்தைச் சுற்றிய செய்தி ஒன்று அந்த வாரங்களில் தமிழில் ஹட்டன் பக்கத்துப் போன்களுக்கும் வந்து சேர்ந்தது. சீனாவில் கொரோனாவைப் பற்றி முதலில் எச்சரித்த டொக்டர் லீ வென்லியாங் சாகுமுன் ஓர் ஆய்வுக் குறிப்பை விட்டுப்போனாராம். மெத்தில்சாந்தின், தியோபுரோமின், தியோஃபிலின் மூன்றும் சேர்ந்தால் வைரஸ் சாகுமாம். மூன்றும் சாதாரணத் தேயிலையிலேயே இருக்கிறதாம். சீன ஆஸ்பத்திரிகளில் நாளுக்கு மூன்று வேளை தேத்தண்ணி கொடுக்கிறார்களாம். சி.என்.என். சொன்னதாம்.

"அப்படின்னா நம்மளுக்கெல்லாம் வரவே வராதே டீச்சர். பொறந்ததுல இருந்து தேத்தண்ணிதானே குடிக்கிறோம்" என்று கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு ஒரு அக்கா சிரித்தார். நம்பிச் சிரித்தாரா, நம்பாமல் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் கலந்திருக்கும்.

அந்தச் செய்தியில் இருந்த வேதியியல் முழுப்பொய் இல்லை. தியோஃபிலின் ஆஸ்துமாவுக்குக் கொடுத்துவந்த பழைய மருந்து. தேயிலையில் கடுகளவு உண்டு. மெத்தில்சாந்தின் என்பது தனிப்பொருளின் பெயரே கிடையாது, கஃபீனும் தியோபுரோமினும் தியோஃபிலினும் சேர்ந்த குடும்பத்தின் பெயர். குடும்பத்தையும் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்தி "மூன்று மருந்து" என்று எழுதியவருக்கு மருந்தியல் தெரியாது என்பது உயர்தரத்தில் (ஏ.எல்.) வேதியியல் படித்த பிள்ளைக்குக்கூடப் புரியும். எங்கள் தோட்டத்தில் ஏ.எல். வேதியியல் படித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பது வேறு கதை.

*

லீ வென்லியாங் பற்றி மேலும். அவர் கண் டொக்டர், தேயிலைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. 2019 டிசம்பர் 30 அன்று, தன்னோடு படித்த டொக்டர்களின் வீசாட் குழுவில் "சார்ஸ் போன்ற ஒன்று வந்திருக்கிறது, கவனம்" என்று எழுதினார். ஜனவரி 3 அன்று வூஹான் பொலிஸ் அவரைக் கூப்பிட்டு, பொய் பரப்பியதாக எழுதிய தாளில் கையெழுத்து வாங்கியது. பெப்ரவரி 7 அன்று அதே நோயில் இறந்தார். மார்ச் 19 அன்று பொலிஸ் அந்தத் தாளை ரத்துச் செய்து குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டது. ஏறக்குறைய அதே நாட்களில் அவர் பெயரிலேயே தேத்தண்ணிக் கதை சுற்றுகிறது.

பொய்யை அடக்குகிறோம் என்று யார் கிளம்பினாலும் எனக்கு இந்தத் தேதிகள்தான் நினைவுக்கு வரும். உண்மையும் முதலில் ஒரு குரூப்பில், நாலு வரியாகத்தான் வந்தது.

*

தேத்தண்ணி பற்றி உண்மையான மருத்துவச் செய்தி ஒன்று இருக்கிறது. அதை யாரும் ஃபோர்வர்ட் செய்து நான் பார்த்ததில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் கீரை, பருப்பு, தானியத்தில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேயிலை குறைக்கும். ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியுமாக மலையிலேயே மதியத்தை முடிக்கிற பெண்ணுக்கு, கிளினிக்கில் கொடுத்த இரும்புச்சத்து வில்லையைத் தேத்தண்ணியோடு விழுங்குகிற கர்ப்பிணிக்கு, இது அன்றாட விஷயம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும். மிட்வைஃப் மிஸ் கிளினிக்கில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போயிருக்கிறார்.

ஏன் இது பரவவில்லை? "தேயிலை காப்பாற்றும்" என்பது கையில் இருப்பதையே மருந்தாக்குகிறது. "சாப்பாட்டோடு வேண்டாம்" என்பது கையில் இருக்கிற ஒரே சூட்டையும் தள்ளிவைக்கச் சொல்கிறது. குளிரில் நனைந்த சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்கிறவரிடம் இதைச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். 2016 குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்கச் சுமார் 17 வீதம், தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதம். இந்த இரண்டு எண்களையும் எந்த குரூப்பிலும் பார்த்ததில்லை.

பொய்யைப் பிடிப்பதையே முழுநேர வேலையாக வைத்துக்கொண்ட குரூப் பாதி வேலைதான் செய்கிறது என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான்.

*

பொய் கீழே இருந்து மேலே போகிறது, படிக்காதவர்கள் பரப்புகிறார்கள் என்று கொழும்பில் பேசுகிறார்கள். 2020 ஏப்ரல் 1 அன்று, கொரோனா பற்றிப் பொய்யான செய்தி பரப்புவோரையும் அரச உத்தியோகத்தரை விமர்சிப்போரையும் கைது செய்யும்படி பொலிஸ் தலைமையகம் உத்தரவு போட்டது. அதே ஆண்டு நவம்பரில் அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி மந்திரித்த நீர்க் குடங்களை ஆற்றில் போட்டார். டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த தம்மிக்க பண்டார, தேனும் சாதிக்காயும் கலந்த ஒரு பாணியைக் காளியம்மன் தனக்கு அருளியதாகச் சொல்லி விநியோகித்தார். 8ஆம் தேதி அவர் வீட்டின் முன் ஆயிரக்கணக்கானோர் இடைவெளி இல்லாமல் கூடினார்கள். அமைச்சரும் குடித்தார், குடித்ததைப் படம் எடுத்தும் போட்டார்கள். ஜனவரியில் அமைச்சருக்கே கொரோனா.

கேகாலை இங்கிருந்து தூரமில்லை. எங்கள் ஆட்களும் போத்தலுக்கு ஆள் அனுப்பினார்கள். யாரையும் குறை சொல்ல மாட்டேன். நாட்டின் சுகாதார அமைச்சர் குடிக்கிறதைத் தோட்டத் தொழிலாளி குடிக்கக்கூடாது என்றால் எந்த நியாயத்தில்?

இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்ற கதையும் மேலிருந்து வந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் புதைக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று சொல்லியிருந்தும், 2020 ஏப்ரலில் இருந்து 2021 பெப்ரவரி கடைசி வரை முஸ்லிம்களின் உடல்களையும் வலுக்கட்டாயமாக எரித்தார்கள். 20 நாள் குழந்தையும் அதில் ஒன்று. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது.

இன்னொன்றும் இங்கே சேரும். 2021 மே மாதம் இரசாயன உரத்தைத் தடை செய்தபோது சொன்ன காரணங்களில் சிறுநீரக நோய் முதல் வரிசை. வடமத்திய மாகாணத்து வயல்களில் வருகிற நோய்; அதன் காரணம் இன்றும் முடிவாகாத ஆராய்ச்சி. அந்த அரைகுறை முடிவு மலைக்கு உரம் வராமல் பண்ணியது. 2021இல் சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் சுமார் 251 மில்லியன் கிலோவுக்கு இறங்கியது. கொழுந்து இல்லாத மலையில் நிறை எப்படி வரும்? அரைநாள் கூலியான அரைப்பேர்தான் விழுந்தது. ஒரு சுகாதாரச் செய்தி எங்கள் சம்பளச் சீட்டு வரை வந்த கதை இது.

*

அம்பாறை, 2018 பெப்ரவரி கடைசி. ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறியில் ஒரு கட்டி கிடக்கிறது. மலட்டு மாத்திரை போட்டாயா என்று கூட்டம் சிங்களத்தில் கேட்கிறது. கல்லாவில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக வராது. என்ன கேட்கிறார்கள் என்று புரியாமலே, பயத்தில் ஆமாம் என்கிறார். அதைப் படம் பிடித்து முகநூலில் விட்டார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாட்களில் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டி, திகன பற்றி எரிந்தது. மார்ச் 7 அன்று அரசு முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்கியது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பிறகு பார்த்துச் சொன்னது: அது மாவுக்கட்டி. ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. 2020 மே மாதம் முகநூல் நிறுவனம் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்தது.

2019 மே மாதம் குருநாகல் வைத்தியசாலையின் டொக்டர் ஷாஃபி ஷிஹாப்தீன் நாலாயிரம் சிங்களப் பெண்களுக்குத் தெரியாமல் கருத்தடை செய்ததாக ஒரு சிங்களப் பத்திரிகையின் முதல் பக்கம். பெயர் போடாமல்தான் வந்தது, பெயர் ஒட்டிக்கொள்ள ஒரு நாள் போதுமாயிருந்தது. கைது. விசாரித்த குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்தில் சொன்னது. சில ஆண்டுகள் கழித்து நிலுவைச் சம்பளம் கிடைத்தபோது அவர் அந்தப் பணத்தை அத்தியாவசிய மருந்து வாங்க அரசுக்கே கொடுத்துவிட்டார்.

"மலடாக்குகிறார்கள்" என்ற கதை ஏன் திரும்பத் திரும்ப ஓடுகிறது என்று கேட்கிறவர்கள் எங்கள் லயத்து வீடுகளுக்கும் வரவேண்டும். 1980களில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு 500 ரூபாய் கொடுத்தது. அன்றைய தோட்டக் கூலியோடு வைத்துப் பார்த்தால் அது சின்னப் பணம் இல்லை. பிள்ளை பெற்ற களைப்பிலேயே கையெழுத்துப் போட்டவர்கள், எதில் போட்டோம் என்று பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள், இன்றைக்குப் பாட்டிகளாக லயத்து வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊசி வந்தால் அவர்கள் முகம் மாறும். அதை அறியாமை என்று எழுதுகிறவர்மேல் எனக்குக் கோபம் வரும். அது ஞாபகம். அதைத் "தவறான தகவல்" என்ற பெட்டிக்குள் போட்டு அழிக்க முடியாது.

*

இதை எழுதக் காரணமான சம்பவம். ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையில் எச்.பி.வி. ஊசி போடுகிறார்கள். 2017இல் இருந்து நடக்கிறது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்க, ஆறு மாத இடைவெளியில் இரண்டு முறை. பெற்றோர் சம்மதக் கடிதம் வீட்டுக்குப் போனது. அன்றிரவே பெற்றோர் குரூப்பில் ஒரு வொய்ஸ். யாருடைய குரல் என்று தெரியாது, தமிழ்நாட்டுப் பேச்சு போல இருந்தது. இந்த ஊசி போட்டால் பிள்ளை பிறகு தங்காது என்று அழுகிற குரலில் சொல்கிறது. மறுநாள் கடிதங்கள் கையெழுத்து இல்லாமல் திரும்பின.

அட்மின் தம்பி என்ன செய்தார்? வொய்ஸை அழித்தார். அதைப் போட்ட அக்காவை குரூப்பில் இருந்து தூக்கினார். "இனி சுகாதாரச் செய்தி யாரும் போடக்கூடாது" என்று எழுதினார். பொறுப்பாகச் செய்துவிட்டதாக அவர் நம்பினார், ஊரில் பாதிப் பேரும் அப்படித்தான் சொன்னார்கள். அக்கா அன்று மாலையே புதுக் குரூப் ஒன்று தொடங்கினார். அதில் டீச்சர்மாரும் இல்லை, மிட்வைஃப் மிஸ்ஸும் இல்லை, நானும் இல்லை. வொய்ஸ் மட்டும் இருந்தது.

மிட்வைஃப் மிஸ் நேரே அக்காவின் காம்பராவுக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"என்னாங்கக்கா, மகளுக்குக் கடுதாசி ஒப்பம் வைக்கலையாமே?"

"பயமா இருக்கு மிஸ். அது புள்ளைய நாசம் பண்ணிரும்னு சொல்றாங்களே."

"யாரு சொன்னா?"

"போன்லதான்."

"போன்ல சொன்னவுங்க வீடு தெரியுமா? என் வீடு உங்களுக்குத் தெரியும். உங்க மூணு புள்ளைக்கும் நான்தான் கார்டு எழுதினேன். என் மகளுக்கும் இதைத்தான் போட்டாங்க. நாளைக்கு ஏதாச்சும் ஒன்னுன்னா என் வாசல்ல வந்து நிப்பீங்கல்ல?"

அக்கா உடனே கையெழுத்துப் போடவில்லை. தன் மாமியாரைப் பார்த்தார். கிழவி, "அந்தக் காலத்துல எங்கள ஏமாத்தித்தான் பண்ணுனாங்க" என்றார். மிஸ் மறுக்கவில்லை. "ஆமா பாட்டி, பண்ணுனாங்க. இது அது இல்ல" என்றார். பிறகு தேத்தண்ணி வந்தது, பேச்சு வேறு பக்கம் போனது. இரண்டு நாள் கழித்துக் கடிதம் ஒப்பத்தோடு வந்தது.

"ஆமா, பண்ணுனாங்க" என்பதுதான் அன்றைக்கு வேலை செய்தது என்பது என் கணிப்பு. அதைச் சொல்லாமல் எத்தனை விளக்கப்படம் போட்டிருந்தாலும் கிழவி நகர்ந்திருக்க மாட்டார்.

அட்மின் தம்பியிடம் பிறகு பேசினோம். அக்காவைத் திரும்பச் சேர்த்தார். குரூப்பில் இப்போது நடப்பது: சந்தேகமான செய்தி வந்தால் அழிப்பதில்லை. அதற்கு நேர் கீழேயே, அதையே சுட்டி, மிஸ் வொய்ஸில் பதில் சொல்வார். பதில் வரும்வரை அதை யாரும் வேறெங்கும் அனுப்பக்கூடாது. போட்டவரைக் கேலி செய்கிறவர்தான் வெளியே போக வேண்டும்.

*

அழிக்கவே கூடாதா? கூடாது என்று சொல்ல மாட்டேன். சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை நிறுத்து என்பது, காய்ச்சல் பிள்ளைக்கு ஏதோ ஒன்றை இத்தனை கரண்டி கொடு என்று அளவோடு சொல்வது, ஓர் இனத்தின் டொக்டரையோ கடையையோ காட்டிக்கொடுப்பது, இவை ஒரு மணி நேரம் கிடந்தாலும் ஆள் சாகும். அதையெல்லாம் எடுத்துவிட்டு, எடுத்தோம், இன்ன காரணம் என்று அதே இடத்தில் எழுத வேண்டும். சத்தமில்லாமல் எடுத்தால் "மறைக்கிறாங்க" என்பதுதான் அடுத்த செய்தியாக வரும்.

கொத்தமல்லியும் மரமஞ்சளும் அவித்துக் குடிக்கிறவரைத் துரத்தவேண்டியதில்லை. அம்மாள் போட்டிருக்கிற பிள்ளையின் பக்கத்தில் வேப்பிலை வைப்பதாலும் எந்தக் கேடும் இல்லை. எங்கள் மாரியம்மனுக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அதில் சண்டை கிடையாது. அதே பிள்ளைக்கு அஸ்பிரின் கொடுக்கும்போதுதான் குறுக்கே விழவேண்டும்.

பப்பாசி இலைச் சாறு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 2017இல் நாட்டில் 1 லட்சத்து 86 ஆயிரத்துக்கு மேல் டெங்கு நோயாளிகள். நுவரெலியாக் குளிரில் டெங்கு குறைவுதான். ஆனால் கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற எங்கள் பிள்ளைகள் தீபாவளிக்கு வரும்போது காய்ச்சலையும் கொண்டுவருகிறார்கள். சாறு குடித்தால் இரத்தத் தட்டணு ஏறும் என்று செய்தி. ஏறுகிறதோ இல்லையோ, டெங்குவில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் காய்ச்சல் விட்டுப்போகிற நேரத்தில் இரத்தக்குழாயில் இருந்து நீர் கசிவது. "காய்ச்சல் விட்டிருச்சு, சாறு வேலை செஞ்சிருச்சு" என்று வீட்டில் சந்தோஷப்படுகிற அந்த நாள்தான் ஆஸ்பத்திரியில் இருக்கவேண்டிய நாள். சாற்றைத் திட்டிப் பயனில்லை. "சாறு குடி, ஆனா இன்னைக்கே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போ" என்று சொன்னால் போகிறார்கள்.

*

இனி சங்கடமான குறிப்பு.

2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பிறகு விட்ட பிரெட்னிசொலோன் சொட்டுமருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது. குஜராத்தில் செய்த மருந்து. கொழும்பிலும் அதே பாதிப்பு வந்தது. மருந்தைப் பாவனையில் இருந்து எடுத்தார்கள். அதற்கு அடுத்த ஆண்டு பெப்ரவரி 2 அன்று, தரமற்ற இமியூனோகுளோபியூலின் வாங்கிய வழக்கில் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்லவே கைதானார்.

கண் விவகாரம் முதலில் எங்கள் போன்களுக்கு எப்படி வந்தது? "நுவரெலியா ஆஸ்பத்திரியில கண்ணுல மருந்து விட்டா குருடாகிறாங்களாம்." வேறு எந்த வதந்தியைப் போலவும்தான் இருந்தது. அன்றைக்கு நம் அட்மின் தம்பி அதை அழித்திருந்தால், நல்லெண்ணத்தோடு உண்மையை அழித்திருப்பார்.

அப்படியானால் எதை வைத்துப் பிரிப்பது? பெயர் இருந்தால் உண்மை என்று சிலர் சொல்கிறார்கள். தேத்தண்ணிச் செய்தியிலும் பெயர் இருந்தது, டொக்டர் இருந்தார், சி.என்.என். இருந்தது. செத்துப்போன சீன டொக்டரிடம் யார் போய்க் கேட்பது? கண் விஷயத்தில் போய்க் கேட்க இடம் இருந்தது. எந்த வார்ட், எந்த வாரம், மருந்தின் பெயர் என்ன, யாருடைய மாமாவுக்கு நடந்தது என்று ஒவ்வொன்றையும் ஒரு பஸ் டிக்கட் செலவில் விசாரிக்கலாம். விசாரிக்க விசாரிக்க விவரம் கூடியது. பொய்யை விசாரித்தால் விவரம் தேயும். ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டுவார்கள், கடைசியில் ஒரு ஃபோர்வர்ட் அம்புக்குறி மட்டும் மிஞ்சும்.

"ஆஸ்பத்திரி சொல்வதை நம்பு, போன் சொல்வதை நம்பாதே" என்கிற சுவரொட்டி அதனால்தான் இங்கே எடுபடாது. ஆஸ்பத்திரியும் தவறும் என்று மக்களுக்குத் தெரியும். தவறினால் ஆஸ்பத்திரியே முதலில் வந்து, தமிழிலும், அன்றைக்கே சொல்லுமா என்பதுதான் அவர்கள் கேட்பது.

*

சட்டம். 2024 பெப்ரவரியில் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எது பொய் என்று தீர்மானிக்க ஓர் ஆணைக்குழு. பாணி குடித்த அமைச்சர்களின் நாட்டில் ஐந்து பேர் கூடி எது பொய் என்று சொல்வார்களாம். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

வட்ஸ்அப் செய்த ஒரு சின்ன மாற்றம் இதைவிடப் பயன்பட்டது. பல கை மாறி வந்த செய்தியை ஒரு நேரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வைத்தார்கள். அப்படிப்பட்ட செய்திகள் 70 வீதம் குறைந்தன என்று நிறுவனமே சொன்னது. யாரையும் பிடிக்கவில்லை, எதையும் அழிக்கவில்லை. விரலுக்குக் கொஞ்சம் வேலை கூட்டினார்கள்.

*

பழைய கதை ஒன்று. 1916இல் ராக்ஃபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியது. மருந்து கொடுத்தார்கள், புழுவைக் கண்ணாடி வழியே காட்டினார்கள், பாடம் நடத்தினார்கள். புழு போனது, திரும்பவும் வந்தது. லயத்தில் கக்கூஸ் இல்லை. மண்ணில் இருந்து வெறுங்காலில் ஏறுகிற புழுவுக்குப் பாடம் எப்படித் தடையாகும்? தகவல் சரியாக இருந்தது, தோட்டம் சரியாக இல்லை. இன்றைக்கும் "விழிப்புணர்வு" என்று பதாகை கட்டிக்கொண்டு வருகிறவர்களிடம் இதைச் சொல்லத் தோன்றும். மரியாதைக்குச் சொல்வதில்லை.

*

குளவி. மலையகச் செய்தியில் மாதம் தவறாமல் வருவது: குளவி கொட்டி இத்தனை தொழிலாளர்கள் வைத்தியசாலையில். பல சமயம் அது குளவி இல்லை, மரக்கிளையிலும் பாறையிலும் பெரிய அடை கட்டுகிற மலைத்தேனீ. இந்த வேறுபாடு முக்கியம், ஏனென்றால் தேனீயின் கொடுக்கு தோலிலேயே நின்று விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். சுரண்டியோ கிள்ளியோ, எப்படியாவது உடனே எடுக்க வேண்டும்.

குரூப்பில் சுற்றுகிற வைத்தியம்: சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பழைய இரும்பைத் தேய்ப்பது. சுண்ணாம்பினால் யாரும் சாகவில்லை. சுண்ணாம்பு தேடிப் போன நேரம்தான் கொல்கிறது. மூச்சு இழுத்தாலோ, முகம் வீங்கினாலோ, தலை சுற்றி விழுந்தாலோ தேவைப்படுவது அட்ரினலின் ஊசி, அதுவும் நிமிடக் கணக்கில். நிறையக் கொட்டு வாங்கியவர் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். விஷம் சிறுநீரகத்தைப் பிறகு பிடிக்கும்.

தோட்டத்து மருந்துக்கார ஐயாவிடம் இதைக் கேட்டு வொய்ஸ் எடுத்தோம். முதலில் நாலு நிமிடம் பேசினார், இடையில் ஆங்கிலத்தில் மருந்துப் பெயர்கள். மறுபடி பேசச் சொன்னோம். இரண்டாவது முறை ஒரு நிமிடத்துக்குள் முடித்தார்: "ஓடுங்க, கொடுக்க எடுங்க, மூச்சு வாங்குனா கொழுந்து லொறிய நிப்பாட்டுங்க, கங்காணிகிட்ட கேக்க வேணாம்." கடைசி வரிக்குத்தான் பதில்கள் வந்து குவிந்தன. லொறியை நிறுத்தத் தொழிலாளிக்கு அதிகாரம் உண்டா என்ற விவாதம் தொழிற்சங்கத் தலைவர் வரைக்கும் போனது. தோட்டத்து நிர்வாகியான துரை இன்னும் பதில் சொல்லவில்லை.

*

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு நடைமுறைச் சிக்கல். குரூப்பில் இருக்கிற எண்களில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. போன் புருஷன் கையில், அல்லது கொழும்பில் இருக்கிற மகனுடையது. இரும்புச்சத்து வொய்ஸ் போய்ச் சேரவேண்டிய பெண் மலையில் நிற்கிறார், சிக்னலும் இல்லை. மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் வரிசையில் ஒருத்தியின் போனை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்கிறார்கள், அது ஓரளவு நடக்கிறது. கோயில் ஸ்பீக்கரில் போடலாம் என்று பிள்ளைக்காம்பரா ஆயா சொன்னார். கமிட்டியில் கேட்டோம். போடலாமாம், ஆனால் தலைவர் பெயரையும் உபயகாரர் பெயரையும் முதலில் சொல்லவேண்டுமாம். சொல்லிவிடுவோம், அதில் என்ன.

மிஸ்ஸின் டேட்டாச் செலவு இதுவரை அவர் கைக்காசு. இந்த மாதத்தில் இருந்து குரூப்பில் ஆளுக்குப் பத்து ரூபாய் சேர்த்து ரீலோட் போடுவதாகப் பேச்சு.

அடுத்து பாம்புக்கடி. விஷத்தை உறிஞ்சும் கல் என்று ஒரு வீடியோ ஏற்கெனவே வந்துவிட்டது, போட்டது எங்கள் சித்தப்பா. பதில் வொய்ஸ் எடுப்பதற்கு முன், விஷமுறிவு ஊசி எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, இரவில் யாரை எழுப்பவேண்டும் என்று மருந்துக்கார ஐயாவிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டும்.